ரெசிஸ்டன்ஸ் கூடினா பவர் கூடுமா, குறையுமா? மாணவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல, வோல்டேஜும் (மின்னழுத்தம்) கரண்டும் (மின்னோட்டம்) தெரிஞ்சா ரெசிஸ்டன்ஸ் (மின்தடை), பவர் (மின்திறன்) ரெண்டையும் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு பாடம் போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு பேப்பர்ல இடம் ஒதுக்குறதே பெரிய காரியம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு வரி, "மின்தடை அதிகரித்தால் மின்திறனும் அதிகரிக்கும்"னு இருந்துச்சு, பக்கத்துலயே ஒரு முக்கோணம் போட்டு எதை மறைச்சா எது வரும்னு காட்டியிருந்தாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அது பாதி வாக்கியம், மீதி பாதி இல்லாம அதைப் படிக்கிற பிள்ளைங்க குழம்பிப் போயிடுவாங்க, எங்க வீட்லயே அதுதான் நடந்துச்சு.

என் அக்கா பேத்தி பத்தாவது படிக்கிறா, பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வந்து கேட்டா, "தாத்தா, பவர்னா ஐ ஸ்கொயர் ஆர், அப்ப ஆர் கூடினா பவர் கூடும். ஆனா எங்க புக்குல வி ஸ்கொயர் பை ஆர்னும் போட்டிருக்கு, அதுப்படி ஆர் கூடினா பவர் குறையணும். ரெண்டுல எது தாத்தா உண்மை?" (ஐன்னா கரண்ட், வின்னா வோல்டேஜ், ஆர்னா ரெசிஸ்டன்ஸ்.) நான் வயரிங் வேலையும் ரிப்பேர் வேலையும் பாத்தே காலத்தை ஓட்டினவன், இந்தக் கேள்வியை புதுசா வேலை கத்துக்க வந்த பசங்ககிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், சரியான பதில் சொன்ன பையன் ரொம்ப கம்மி. இவ தானா கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனா பேப்பர்ல வந்த வரியை நம்பி பரீட்சையில எழுதியிருந்தா மார்க் போயிருக்குமேன்னு வருத்தமும்தான்.

ரெண்டுமே உண்மை. எது மாறாம நிக்குதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. வோல்டேஜ் மாறாம இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடக்கூட பவர் குறையும். கரண்ட் மாறாம இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடக்கூட பவர் கூடும். இந்த ஒரு நிபந்தனையை விட்டுட்டு ஃபார்முலாவை மட்டும் கொடுத்தா அது சாவி இல்லாத பூட்டு மாதிரிதான்.

கணக்கு போட்டே காட்டுறேன். 230 வோல்ட் சப்ளைல 1000 வாட் ஹீட்டர் ஒண்ணு. 1000ஐ 230ஆல வகுத்தா ஏறக்குறைய 4.35 ஆம்பியர், அந்த 230ஐ மறுபடி 4.35ஆல வகுத்தா 52.9 ஓம். சரி, 2000 வாட் ஹீட்டருக்கு? 8.7 ஆம்பியர், 26.45 ஓம். பாத்தீங்களா, பவர் ரெட்டிப்பாச்சு, ரெசிஸ்டன்ஸ் பாதியாச்சு. வீட்ல எல்லா சாமானும் பேரலல்ல, அதாவது தனித்தனி கிளையா இருக்கு, எல்லாத்துக்கும் அதே 230 வோல்ட், அதனால வீட்டுக்குள்ள அதிக வாட் சாமான்னா அதுக்கு ரெசிஸ்டன்ஸ் கம்மின்னுதான் அர்த்தம். அதே வோல்டேஜ் 200க்கு இறங்கிட்டா 1000 வாட் ஹீட்டர் என்னாகும்னு கேட்டா நிறைய பேர் 870 வாட்னு சொல்லுவாங்க, இல்ல, 200ஐ 200ஆல பெருக்கி 52.9ஆல வகுத்தா 756 வாட்தான் வரும். வோல்டேஜ் 13 சதவீதம் இறங்குனதுக்கு பவர் 24 சதவீதம் இறங்கிடுச்சு, ஏன்னா வோல்டேஜ் இறங்கும்போது கரண்டும் சேர்ந்து இறங்குது, ரெண்டையும் பெருக்கினாத்தானே பவர்.

இப்ப இதையே சீரிஸ்ல, அதாவது ஒண்ணு பின்னாடி ஒண்ணா வச்சுப் பாருங்க, கதை அப்படியே தலைகீழ். 100 வாட் குண்டு பல்ப் ஒண்ணு, 40 வாட் குண்டு பல்ப் ஒண்ணு, ரெண்டும் 230 வோல்ட் பல்புதான். கணக்குப்படி முதல் பல்புக்கு 529 ஓம், ரெண்டாவதுக்கு 1322.5 ஓம். தனித்தனியா மாட்டினா 100 வாட் பல்ப் நல்லா எரியும். ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்து மாட்டினா? மொத்தம் 1851.5 ஓம், கரண்ட் 0.124 ஆம்பியர், ரெண்டு பல்புலயும் அதே கரண்ட்தான் போயாகணும், வேற வழியே கிடையாது. அதனால 100 வாட் பல்புக்கு கிடைக்கிறது சுமார் 8 வாட், 40 வாட் பல்புக்கு சுமார் 20 வாட். சின்ன பல்புதான் பிரகாசமா எரியும். (ஃபிலமென்ட் முழுசா சூடாகாததால நிஜத்துல இந்த எண்கள் கொஞ்சம் மாறும், ஆனா எது அதிகமா எரியும்ங்கிறது மாறாது.) பேத்திகிட்ட இந்தக் கணக்கை நோட்டுல போடச் சொன்னேன், போட்டு முடிச்சதும் அவளே, "அப்ப உங்க பேப்பர்ல போட்டது சீரிஸுக்கு மட்டும்தான் சரி தாத்தா"ன்னா. பத்தாவது படிக்கிற பொண்ணு அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சதை பாடம் எழுதுறவங்க ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாமேங்கிறதுதான் என் ஆதங்கம்.

இதெல்லாம் பரீட்சை விஷயம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய லெட்டர்னு நீங்க நினைக்கலாம். பரீட்சையோட முடிஞ்சா நான் எழுதியே இருக்க மாட்டேன். வீட்ல பிளக் பாயிண்ட் உருகுறது, பிளக்கோட பின் கறுத்துப் போறது, சுவத்துல ஸ்விட்ச் பாக்ஸ் கருகுறது, இதுக்கெல்லாம் காரணம் இதே கணக்குதான். அந்த 2000 வாட் ஹீட்டரையே எடுத்துக்குங்க. சாக்கெட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு, அந்த இடத்துல அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. மொத்தம் 26.95 ஓம், கரண்ட் 8.53 ஆம்பியர். அந்த ஸ்க்ரூவுல மட்டும் உண்டாகுற சூடு எவ்வளவு? 8.53ஐ 8.53ஆல பெருக்கி அரையால பெருக்கினா 36 வாட்டுக்கு மேல. ஈயத்தை உருக்குற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தாங்க. அதைவிட பெரிய சால்டரிங் அயர்னை சுவத்துக்குள்ள பிளாஸ்டிக் பெட்டியில ஆன் பண்ணி வச்சிருக்கிற மாதிரி இது, சூடு வெளிய போக இடமும் இல்ல.

எம்சிபி (கரண்ட் அளவு மிஞ்சினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) ட்ரிப் ஆகாதான்னு கேப்பாங்க. ஆகாது! ஏன்னா கரண்ட் 8.7ல இருந்து 8.53க்கு குறைஞ்சுதான் போயிருக்கு, கூடல. எம்சிபிக்கு அளவுக்கு மிஞ்சின கரண்டைத்தான் தெரியும், ஒரு ஸ்க்ரூ தனியா வேகுறது அதுக்குத் தெரியாது. ஹீட்டர்லயும் வித்தியாசம் தெரியாது, 2000க்கு பதிலா 1926 வாட் வேலை செய்யும், தண்ணி சூடாக ஒரு நிமிஷம் கூட ஆனா யாரு கவனிக்கப் போறா. அதனாலதான் பாயிண்டைத் தொட்டா சூடா இருக்கு, பிளக்கைச் சுத்தி பழுப்பு நிறம் வந்திருக்கு, லேசா கருகுன வாடை வருதுன்னா ஆஃப் பண்ணிட்டு ஆள் கூப்பிடுங்கன்னு நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் கெஞ்சிக் கேக்குறேன். இன்னொண்ணு, அந்த சூட்டுல செம்பு மேல கறை ஏறும், ஸ்பிரிங் தளரும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும், தானா நிக்கிற வியாதி இல்ல இது.

இங்கதான் இன்னொரு தப்பும் நடக்குது, பாடத்துல அதையும் சொல்லல. அதே ஸ்க்ரூவுக்கு வி ஸ்கொயர் பை ஆர் போடுறேன்னு 230ஐ 230ஆல பெருக்கி அரையால வகுத்தா 1,05,800 வாட் வரும், அந்த அளவு சூடு வந்தா அந்த இடமே இருக்காது. தப்பு எங்க? ஃபார்முலாவுல இல்ல, வோல்டேஜ் எடுத்ததுல. அந்த ஸ்க்ரூவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற வோல்டேஜ் 230 கிடையாது, 8.53 பெருக்கல் அரை, அதாவது ஏறக்குறைய 4.27 வோல்ட்தான். அதைப் போட்டா வி ஸ்கொயர் பை ஆர்லயும் அதே 36 வாட்தான் வரும், வோல்டேஜை கரண்டால நேரா பெருக்கினாலும் அதே 36தான். எந்தப் பொருளோட பவர் வேணுமோ அந்தப் பொருளோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கிற வோல்டேஜ், அந்தப் பொருள் வழியா போற கரண்ட், இது ரெண்டையும் சரியா எடுத்துட்டா எந்த ஃபார்முலாவும் ஏமாத்தாது. மூணு வழியிலயும் மூணு விடை வந்தா எங்கயோ வேற பொருளோட வோல்டேஜை தூக்கிட்டு வந்திருக்கோம்னு அர்த்தம்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம் உண்டு, நம்ம பேச்சு வழக்கும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். கரண்ட் போயிடுச்சுங்கிறோம், அது சப்ளை. கரண்ட் கம்மியா வருது, லைட் மங்கலா எரியுதுங்கிறோம், அது வோல்டேஜ். கரண்ட் நிறைய இழுக்குதுங்கிறோம், அது சில சமயம் ஆம்பியர், சில சமயம் மாசக் கடைசியில வர்ற யூனிட். பவர் கட்டுங்கிறோம், அதுவும் சப்ளைதான். ஒரே வார்த்தையை நாலு விஷயத்துக்கு வச்சுப் பழகுன பிள்ளை கணக்குல கரண்ட்னு வந்ததும் எதை எடுக்கிறதுன்னு தடுமாறாம என்ன செய்யும்? பள்ளிக்கூட புக்குல மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன்னு தெளிவா நாலு பேர் இருக்கு, அழகான வார்த்தைங்க, ஆனா அது புக்கோட நின்னுடுது. உங்க பக்கத்துல ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டு, கூடவே எது எந்த அலகுன்னும் போட்டா பெரிய உதவி. ஒரு வோல்ட்னா ஒரு கூலும் (மின்னூட்டத்தோட அலகு) சார்ஜுக்கு ஒரு ஜூல் (எனர்ஜியோட அலகு), ஒரு ஆம்பியர்னா செகண்டுக்கு ஒரு கூலும், ரெண்டையும் பெருக்கினா செகண்டுக்கு ஒரு ஜூல், அதுதான் வாட். பவர்னா ஏன் வோல்டேஜ் பெருக்கல் கரண்ட்ங்கிறதுக்கு இந்த ஒரு வரி போதும், முக்கோணத்தை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே வராது. 1000 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினா ஒரு யூனிட், அது எனர்ஜி, பவர் இல்ல, இதையும் சொல்லிட்டா நல்லது.

மில்லி ஆம்பியர்ல பிள்ளைங்க விழுறது தனிக்கதை. 9 வோல்ட் பேட்டரில ஒரு சின்ன சிவப்பு எல்ஈடி எரியணும், 20 மில்லி ஆம்பியர் போதும், எத்தனை ஓம் போடணும்னா 9ஐ 20ஆல வகுத்து 0.45 ஓம்னு எழுதிடுவாங்க. 20 மில்லி ஆம்பியர்னா 0.02 ஆம்பியர். அப்பவும் 9ஐ 0.02ஆல வகுத்து 450ன்னு எழுதினா அதுவும் சரியில்ல, எல்ஈடி தனக்குன்னு ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கும், மீதி 7 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு, 7ஐ 0.02ஆல வகுத்தா 350 ஓம். ரெசிஸ்டர்ல 0.14 வாட், எல்ஈடில 0.04 வாட், கூட்டினா 0.18. பேட்டரி கொடுக்கிறது 9 பெருக்கல் 0.02, அதுவும் 0.18. இப்படி கூட்டிப் பாத்து சரிபாக்குற பழக்கத்தை சின்ன வயசுலயே ஏத்திவிட்டுட்டா விடைத்தாளைத் திருப்பிப் பாக்காமலே தன் கணக்கு சரியா தப்பான்னு பிள்ளைக்குத் தெரிஞ்சுடும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டா தாங்கும்ங்கிறதும் அந்த 0.14ல இருந்தே தெரியுது.

எல்லாத்துக்கும் வோல்டேஜை கரண்டால வகுத்தா போதும்னும் எழுதிடாதீங்க. குண்டு பல்பையே பாருங்க, 60 வாட் பல்ப் எரியும்போது 882 ஓம், அணைச்சு ஆறினதும் மீட்டர்ல வச்சா 60, 70 ஓம்தான் காட்டும். டங்ஸ்டன் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனாலதான் ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்துல கரண்ட் எகிறி, பழைய பல்ப் நிறைய அப்பவே ஃபியூஸ் போயிடும். மோட்டர் இன்னும் வேற மாதிரி. 230 வோல்ட், 5 ஆம்பியர், பெருக்கினா 1150, ஆனா பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்கல்ல எத்தனை பங்கு நிஜ பவர்ங்கிற எண்) 0.8ன்னா நிஜ பவர் 920 வாட்தான். ஓடுற மோட்டரோட வோல்டேஜை கரண்டால வகுத்து வர்றது அதோட காயில் ரெசிஸ்டன்ஸும் இல்ல, ஏன்னா சுத்துற மோட்டர் உள்ள இருந்து எதிர்த்து ஒரு வோல்டேஜை உண்டாக்குது. சுத்தாம ஜாம் ஆகி நின்னா அந்த எதிர்ப்பு போயிடும், கரண்ட் பல மடங்கு ஏறும், ஐ ஸ்கொயர் ஆர் சூடு காயிலைக் கருக்கிடும். எரிஞ்சு போன மோட்டரைப் பிரிச்சா வர்ற அந்த வார்னிஷ் வாடை என் மூக்குல இன்னும் இருக்கு.

மீட்டர் பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் தயவு செஞ்சு கொட்டை எழுத்துல போடுங்க. வோல்டேஜ் அளக்குறப்ப மீட்டரை பேரலல்ல வைக்கணும், கரண்ட் அளக்குறப்ப சீரிஸ்ல வைக்கணும். ஆம்பியர் ஓட்டையில ஒயரைச் சொருகி வச்ச மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லாத மாதிரிதான், அதைக் கொண்டு போய் பேட்டரியோட ரெண்டு முனையிலயோ பிளக் பாயிண்ட்லயோ வச்சா ஷார்ட் சர்க்யூட்தான். ஒருத்தர் என் கண்ணு முன்னாடி அப்படி வச்சு கை வெந்து போனதைப் பாத்திருக்கேன். பிள்ளைங்க பழகுறது எல்லாம் டார்ச் செல்லுல இருக்கட்டும், 230 வோல்ட் பக்கமே போக வேண்டாம்.

ஓம்ங்கிற விஞ்ஞானி பத்தி நீங்க போட்டிருந்த பெட்டிச் செய்தி நல்லா இருந்துச்சு, ஆனா பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் மட்டும் போட்டதுக்கு பதிலா அவரு பட்ட பாட்டைப் போட்டிருந்தா பிள்ளைங்க இன்னும் ஆர்வமா படிச்சிருப்பாங்க. ஜெர்மனில கொலோன் ஊர்ல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துக்கிட்டே செஞ்ச சோதனை அது. 1825ல முதல்ல செஞ்சப்ப அவருக்குத் தப்பான விதிதான் கிடைச்சுது, அன்னிக்கு இருந்த பேட்டரி கரண்ட் எடுக்க எடுக்க வோல்டேஜ் இறங்கிக்கிட்டே இருந்துச்சு, எது மாறாம நிக்குதுன்னு தெரியாம அளந்தா யாருக்கும் அப்படித்தான் வரும். பொகெண்டார்ஃப்ங்கிற பத்திரிகை ஆசிரியர் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் சேர்த்து ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணிலயும் இன்னொரு முனையை ஐஸ்லயும் வச்சு, அசையாத வோல்டேஜ் ஒண்ணை உண்டாக்கி, 1826ல மறுபடி செஞ்சாரு, அப்பத்தான் வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால வகுத்தா கரண்ட்ங்கிற விதி பிடிபட்டுச்சு. 1827ல புத்தகமா போட்டப்ப சொந்த நாட்டுலயே பெருசா மதிக்கல, 1841லதான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல்ங்கிற விருதைக் கொடுத்துச்சு. அதே 1841ல ஜூல்ங்கிற விஞ்ஞானி, கரண்டை கரண்டாலயே பெருக்கி ரெசிஸ்டன்ஸால பெருக்கினா கம்பியில வர்ற சூடுன்னு அளந்து எழுதினாரு.

அடுத்த வாரம் இடம் இருந்தா அந்த வரியைத் திருத்தி, "மின்னோட்டம் மாறாதபோது"ன்னு ரெண்டு வார்த்தையைச் சேர்த்துப் போடுங்க, "மின்னழுத்தம் மாறாதபோது குறையும்"ங்கிறதையும் கீழயே போடுங்க. கூடவே பிள்ளைங்க செஞ்சு பாக்குற மாதிரி ஒரு கணக்கு அனுப்புறேன், ஓம் மாட்டிக்கிட்ட அதே பேட்டரி விஷயம்தான். ஒரு செல், எதுவும் மாட்டாதப்ப 1.5 வோல்ட் காட்டுது. ஒரு சின்ன பல்ப் மாட்டினதும் 0.6 ஆம்பியர் ஓடுது, செல்லோட முனையில இப்ப 1.2 வோல்ட்தான் இருக்கு. பல்போட ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, செல்லுக்குள்ளயே இருக்கிற ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, ரெண்டுலயும் எத்தனை வாட்? விடை உங்களுக்காக மட்டும் எழுதுறேன், அடுத்த வாரம் போட்டா போதும்: பல்ப் 2 ஓம், 0.72 வாட். செல்லுக்குள்ள 0.5 ஓம், 0.18 வாட். கூட்டினா 0.9, அது 1.5 பெருக்கல் 0.6. காணாம போன 0.3 வோல்ட் எங்கன்னு பேத்தி ஒரு ராத்திரி யோசிச்சு காலைல வந்து சொன்னா.

இப்படிக்கு,
மாணவர் பக்கத்தை வாராவாரம் படிக்கிற ஒரு பழைய வயர்மேன்